ஃபர்னிச்சர்ஸ் என்று ஏன் எழுதக் கூடாது?

2024 ஜூன் 8, காலை (கேள்வி)

பள்ளியில் ப்ராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட் என்று ஐந்து வகை நவுன் படித்தோம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அலுவலகத்தின் புதுக் கிளைக்குச் சாமான் கேட்டு ‘வீ நீட் நியூ ஃபர்னிச்சர்ஸ் அண்ட் எக்விப்மென்ட்ஸ்’ என்று மெயில் போட்டேன். மேலாளர் இரண்டு ‘ஸ்’ஸையும் அடித்துத் திருப்பி அனுப்பினார். நாற்காலியை எண்ணலாம், மேசையை எண்ணலாம், பீரோவை எண்ணலாம். ஃபர்னிச்சர் காமன் நவுன். காமன் நவுனுக்குப் பன்மை உண்டு என்றுதானே படித்தோம்? ஆங்கில இலக்கணத்தில் ஒழுங்கே கிடையாது என்பது என் கட்சி.

ஜூன் 8, மாலை (பதில்)

காமன் நவுன்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அது தெரிந்தும் அந்த மெயிலைச் சரியாக எழுத முடியவில்லை, பாருங்கள். ஐந்து வகைப் பிரிவு ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்று சொல்லும்: ஆள் பெயரா, கூட்டமா, மூலப்பொருளா, குணமா. எழுத உட்கார்ந்தால் நமக்கு வேண்டியது வேறு. முன்னால் ‘ஏ’ போடலாமா, பின்னால் ‘ஸ்’ போடலாமா, ‘மெனி’யா ‘மச்’சா, வினை ‘இஸ்’ஸா ‘ஆர்’ஆ. இந்த நான்கையும் பெரும்பாலும் முடிவு செய்வது ஒரே பிரிவுதான்: கவுன்டபிள் (எண்ணக்கூடியது), அன்கவுன்டபிள் (எண்ண முடியாதது). பள்ளியில் இதைக் கடைசிப் பக்கத்தில் வைத்து, பரீட்சைக்கு வராது என்று தாண்டிவிட்டுப் போனார்கள்.

நான் வேலை விண்ணப்பங்களையும் அலுவலகக் கடிதங்களையும் திருத்திக் கொடுப்பவன். ப்ராப்பர் நவுனை காமன் நவுன் என்று தப்பாக நினைத்ததால் கெட்டுப்போன கடிதம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எக்விப்மென்ட்ஸ், இன்ஃபர்மேஷன்ஸ், அட்வைசஸ், சாஃப்ட்வேர்ஸ், ஃபீட்பேக்ஸ் ஆகியவை இல்லாத கட்டு மட்டும் வருவதே இல்லை.

ஜூன் 8, இரவு

ஒரு கைவைத்தியம். தமிழில் ‘எத்தனை’ என்று கேட்பீர்களா, ‘எவ்வளவு’ என்று கேட்பீர்களா? எத்தனை புத்தகம், எத்தனை பேர், எத்தனை கார்: கவுன்டபிள். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பணம், எவ்வளவு கோபம்: அன்கவுன்டபிள். இந்த வேறுபாடு நம் வாயில் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. ‘எத்தனை சர்க்கரை வேண்டும்’ என்று எந்தக் குழந்தையும் கேட்காது. பணம் எண்ணக்கூடியதாயிற்றே என்று சிலர் வாதாடுவார்கள். எண்ணுவது ரூபாயை. ‘எத்தனை ரூபாய்’ என்போம், ‘எத்தனை பணம்’ என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலமும் அப்படியே: ‘ருபீ’க்கு ‘ஸ்’ உண்டு, ‘மனி’க்கு இல்லை.

‘நிறைய’ என்ற சொல்லை வைத்து மட்டும் சோதிக்காதீர்கள். அது இரண்டு பக்கமும் போகும். நிறைய ஆள், நிறைய தண்ணீர். ‘மெனி வாட்டர்’, ‘மச் பீப்பிள்’ எல்லாம் வருவது அந்த வழியாகத்தான்.

ஜூன் 9, காலை

மடக்கிவிட்டார்கள். ‘எத்தனை ஃபர்னிச்சர் வாங்கினே’ என்று தமிழில் தாராளமாகக் கேட்கலாமே, எத்தனை லக்கேஜ், எத்தனை தகவல், எத்தனை அறிவுரை என்றும் கேட்கலாமே, அப்புறம் உங்கள் சோதனை எதற்கு என்கிறார் ஒருவர்.

நியாயம். ஆனால் சோதனை தோற்கிற இடத்தைப் பார்த்தால் அது சிதறிக் கிடக்கவில்லை, ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. தோற்பவை எல்லாம் தலைப்புச் சொற்கள். பல தனித்தனிப் பொருள்களைச் சேர்த்துக் கட்டி, மேலே ஒட்டிய பெயர். பெட்டி, பை, சூட்கேஸ் சேர்ந்தால் லக்கேஜ். வளையல், கம்மல், சங்கிலி சேர்ந்தால் ஜுவல்லரி. நோட்டு, பேனா, கவர் சேர்ந்தால் ஸ்டேஷனரி. தமிழன் உள்ளே இருப்பதை எண்ணுகிறான். ஆங்கிலேயன் கட்டை ஒரே மொத்தமாகப் பார்க்கிறான்.

இந்தத் தலைப்புச் சொற்களில் பாதிக்கு வால் ஒன்றுபோல இருக்கும். ‘எரி’ என்று முடிகிறவை: மெஷினரி, கட்லரி, கிராக்கரி, சீனரி. ‘ஏஜ்’ என்று முடிகிறவை: லக்கேஜ், பேகேஜ் (பயண மூட்டைகள்), கார்பேஜ். ‘வேர்’ என்று முடிகிறவை: சாஃப்ட்வேர், ஹார்ட்வேர், கிளாஸ்வேர். சென்னையில் ஐடி வேலை பார்க்கிறவர்கள் இந்தக் கடைசி வாலையாவது நினைவில் வைக்கட்டும். ‘ஐ நோ மெனி சாஃப்ட்வேர்ஸ்’ என்ற வாக்கியம் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. எண்ணியே ஆக வேண்டுமென்றால் ‘புரோகிராம்’ஸ் என்றோ ‘டூல்’ஸ் என்றோ எழுதலாம்.

ஜூன் 9, மதியம்

பேட்டரி, பேக்கரி, வில்லேஜ், மெசேஜ் என்று வரிசையாக எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பன்மை உண்டு, சரி. வாலை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. பேக்கரி ஒரு கடை, வில்லேஜ் ஓர் ஊர், மெசேஜ் ஒரு செய்தி, தனித்தனி அலகுகள். கட்டின் பெயராக இருக்கும்போதுதான் வால் நமக்குச் சைகை காட்டும்.

ஜூன் 9, இரவு

இன்னும் யோசித்தால் ‘கட்டின் பெயர்’ என்பதும் முழுசாகப் போதாது. வெஜிடபிள் என்பதும் கட்டுப் பெயர்தான். கத்தரி, வெண்டை, முருங்கை எல்லாம் அதில் அடக்கம். அதற்கு ‘ஸ்’ உண்டு. டூல்ஸ் என்கிறோம், எக்விப்மென்ட் என்கிறோம், மேசைமேல் கிடப்பவை ஒரே சாமான்கள். காய்ன்ஸ் என்றால் எண்ணலாம், அதையே சில்லறை என்ற பொருளில் ‘சேஞ்ச்’ என்றால் எண்ண முடியாது. ஓட்ஸ் பன்மை, வீட் ஒருமை. இரண்டும் வயலில் விளைகிற தானியம்.

ஆக, பொருளை உற்றுப் பார்த்து விடை கண்டுபிடிக்க முடியாது. எண்ணும் தன்மை சொல்லில் இருக்கிறது, பொருளில் இல்லை. பட்டாணியின் கதையைக் கேளுங்கள். பழைய ஆங்கிலத்தில் ‘பீஸ்’ என்பது ஒருமைச் சொல். கடைசியில் இருக்கும் ‘ஸ்’ ஒலி சொல்லின் சொந்த உறுப்பு. கேட்டவர்கள் அதைப் பன்மை விகுதி என்று எடுத்துக்கொண்டு, 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் அதை வெட்டிவிட்டு ‘பீ’ என்று புது ஒருமை உண்டாக்கிவிட்டார்கள். பட்டாணி மாறவில்லை, சொல்தான் எண்ணக்கூடியதாக மாறிப்போனது. ‘செரி’ப் பழத்துக்கும் இதே கதைதான். நார்மன் பிரெஞ்சில் அது ‘ஸ்’ ஒலியோடு முடிகிற ஒருமை.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே இது ஒத்துவரவில்லை. பிரெஞ்சில் தகவலுக்குப் பன்மை உண்டு, தட்டுமுட்டுச் சாமானுக்கும் உண்டு, அறிவுரைக்கும் உண்டு. ஜெர்மனில் ஃபர்னிச்சருக்கு உள்ள சொல்லையும் பன்மையாகத்தான் ஆள்கிறார்கள். இத்தாலியனுக்கு ஸ்பகெட்டி பன்மை. ஆங்கிலத்துக்கு வந்ததும் ‘தி ஸ்பகெட்டி இஸ்’ ஆகிவிட்டது. பாரிஸிலிருந்து வருகிறவரும் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதித் திருத்து வாங்குகிறார். தமிழ் மீடியம் படித்ததால் வந்த வினை என்று யாரும் தலை குனிய வேண்டியதில்லை.

ஜூன் 10

கேள்வி கேட்டவரின் கட்சிக்கு ஒரு சலுகை. ‘இன்ஃபர்மேஷன்’ ஒரே ஓர் இடத்தில் எண்ணக்கூடியது. இங்கிலாந்துச் சட்ட வழக்கில், மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கும் முறையான குற்றப் புகாருக்கு ‘ஆன் இன்ஃபர்மேஷன்’ என்று பெயர். அதற்கு ‘ஸ்’ வரும். வக்கீல் குமாஸ்தா தவிர வேறு யாரும் இதை நம்பிக் கடிதம் எழுத வேண்டாம்.

ஜூன் 11

மறுபக்கப் பிழையைப் பற்றி ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அவருடைய மாணவர்கள் தேவையான இடத்தில் ‘ஸ்’ போடுவதில்லையாம். ‘டென் புக்’, ‘ஃபைவ் சேர்’. கவனக்குறைவு என்று மதிப்பெண் குறைக்கிறாராம்.

கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழில் ‘பத்துப் புத்தகம் வாங்கினேன்’ என்பது முழுச் சரியான வாக்கியம். பத்து என்று சொன்ன பிறகு ‘கள்’ எதற்கு? அஃறிணைப் பெயரோடு ‘கள்’ சேர்வதை, ஏற்கிற இடத்தில் சேரும் என்ற அளவில்தான் தொல்காப்பியம் சொல்கிறது. நன்னூல் இப்படிப்பட்ட பெயர்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. யானை வந்தது, யானை வந்தன. பெயர் அசையாமல் நிற்கும். ஒன்றா பலவா என்று வினை சொல்லும்.

ஆங்கிலத்திலும் இந்த ஜாதி உண்டு, சிறுபான்மையாக. ஷீப், டீர், ஏர்கிராஃப்ட், சீரிஸ், ஸ்பீஷீஸ். ‘தி ஷீப் இஸ்’ என்றால் ஒன்று, ‘தி ஷீப் ஆர்’ என்றால் பல. நமக்கு எல்லா அஃறிணையும் ஷீப் மாதிரி. அவர்களுக்கு ஷீப் மட்டும்தான் ஷீப். வகுப்பில் இதை இப்படியே சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். நான் திருத்தும் தாள்களில் ஆட்களைக் குறிக்கும் சொல்லில் ‘ஸ்’ விடுபடுவது குறைவு. ‘ஃபைவ் ஸ்டூடன்ட்ஸ்’ சரியாக வந்துவிடும், அடுத்த வரியில் ‘ஃபைவ் பென்’ வரும். தமிழில் உயர்திணைக்குக் ‘கள்’ளை எதிர்பார்க்கிறோம், அஃறிணைக்கு எதிர்பார்ப்பதில்லை. அந்த நிழல்தான் ஆங்கிலத்தில் விழுகிறது.

ஜூன் 12

அகராதியில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டவருக்கு: கற்போருக்கான அகராதிகளில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் சின்னதாக ‘சி’ அல்லது ‘யு’ இருக்கும். சி என்றால் கவுன்டபிள், யு என்றால் அன்கவுன்டபிள். ஒரே சொல்லின் முதல் பொருளுக்கு யு, இரண்டாம் பொருளுக்கு சி என்றும் வரும். பொருளை மட்டும் படித்துவிட்டு இந்த எழுத்தைத் தாண்டிப் போகிறோம்.

இந்தக் குறியின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. டென்மார்க்கின் ஒட்டோ யெஸ்பர்சன் 1924-இல் வெளிவந்த தன் இலக்கணத் தத்துவ நூலில் எண்ணும் சொல், மொத்தச் சொல் என்ற பிரிவை விரிவாகப் பேசியிருந்தார். அதை மாணவன் கைக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தவர். ஜப்பானிய மொழியிலும் பெயரோடு பன்மை ஒட்டு கட்டாயம் இல்லை. அங்கே பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஓர் அகராதி தயாரித்தார். 1942-இல் டோக்கியோவில் அச்சானது. சி, யு குறிகள் அதிலேயே இருந்தன. 1948-இல் ஆக்ஸ்போர்டு அதை எடுத்துப் போட்டது. இன்று உலகமெங்கும் மாணவர்கள் புரட்டும் ஆக்ஸ்போர்டு கற்போர் அகராதியின் மூலம் அதுதான். லண்டனில் பிறந்தவனுக்கு இந்தக் குறி தேவையே இல்லை. நம்மைப் போல ‘பத்துப் புத்தகம்’ என்று பேசுகிறவர்களுக்காகப் பிறந்த குறி அது.

ஜூன் 13

‘ஒர்க்’குக்குப் பன்மை இல்லை என்று யாரோ அழுத்தமாகச் சொல்ல, இன்னொருவர் பொதுப்பணித் துறையின் பலகையைக் காட்டியிருக்கிறார்: பப்ளிக் ஒர்க்ஸ் டிபார்ட்மென்ட். இருவரும் சரி.

‘ஐ ஹாவ் மெனி ஒர்க்ஸ் டுடே’ என்று எழுதக் கூடாது. அங்கே வேலை என்பது உழைப்பு, மொத்தம். ‘எ லாட் ஆஃப் ஒர்க்’ என்றோ ‘மெனி டாஸ்க்ஸ்’ என்றோ எழுத வேண்டும். பொதுப்பணித் துறையின் ‘ஒர்க்ஸ்’ என்பது அணை, பாலம், கட்டடம் போன்ற கட்டுமானப் பணிகள். ஒரு கவிஞரின் ஒர்க்ஸ் என்றால் அவர் எழுதிய படைப்புகள். சொல் ஒன்று, பொருள் மாறும்போது எண்ணும் தன்மையும் மாறுகிறது.

இப்படி இரண்டு பக்கமும் போகிற சொற்கள் ஆங்கிலத்தில் நிறைய. அதனால் ஒரு சொல்லை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நிரந்தரமாகக் கூறு கட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. ‘ஹேர்’ தலைமுடி மொத்தமாக, எண்ண முடியாது. ‘மை ஹேர்ஸ் ஆர் ஃபாலிங்’ என்று மருத்துவரிடம் சொல்லாதீர்கள், ‘மை ஹேர் இஸ் ஃபாலிங் அவுட்’. சாம்பாரில் ஒன்று கிடந்தால் அது ‘எ ஹேர்’. ‘சிக்கன்’ தட்டில் இருந்தால் இறைச்சி, ‘எ’ வராது. ‘ஐ ஏட் எ சிக்கன்’ என்றால் முழுக் கோழியையும் சாப்பிட்டதாக அர்த்தம். ‘பேப்பர்’ எழுதுகிற தாள், எண்ண முடியாது, ‘எ ஷீட் ஆஃப் பேப்பர்’. ‘எ பேப்பர்’ என்றால் செய்தித்தாள், அல்லது பரீட்சைத் தாள், அல்லது ஆய்வுக் கட்டுரை. ‘ரூம்’ என்றால் இடவசதி, ‘எ ரூம்’ என்றால் அறை. பஸ்ஸில் ‘இஸ் தேர் எ ரூம்’ என்று கேட்டால் கண்டக்டர் முழிப்பார்.

விண்ணப்பத்தில் எல்லாரும் கோட்டை விடுவது ‘எக்ஸ்பீரியன்ஸ்’. பணி அனுபவம் அன்கவுன்டபிள்: ‘ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’. வாழ்க்கையில் நடந்த தனித்தனிச் சம்பவங்கள் ‘எக்ஸ்பீரியன்சஸ்’. ‘ஐ ஹாவ் மெனி எக்ஸ்பீரியன்சஸ் இன் அக்கவுன்ட்ஸ்’ என்று எழுதினால், கணக்குப் பிரிவில் உங்களுக்கு ஏதேதோ நேர்ந்தது என்று படிக்கிறவர் நினைப்பார்.

கடையில் ‘டூ காஃபீஸ் ப்ளீஸ்’ சொல்லலாமா? தாராளமாக. டம்ளர் எண்ணிக்கை உள்ளே ஒளிந்திருக்கிறது. தமிழிலும் ‘ரெண்டு காபி’தானே.

ஜூன் 14

சற்று விலகிப் போகிறேன். ஆங்கிலப் பன்மையைத் தமிழ் ஒருமையாக வாங்கிக்கொண்ட சொற்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு டிப்ஸ் சொல்லுங்க. ஒரு ஸ்நாக்ஸ். ஒரு சிப்ஸ் பாக்கெட். ஒரு சாக்ஸைக் காணோம். தமிழில் இவை தவறில்லை, வந்த இடத்துச் சட்டப்படி நடக்கின்றன. ஆங்கிலம் எழுதும்போது மட்டும் ‘எ டிப்ஸ்’ என்று திரும்பிப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைவிடச் சிக்கலானவை ‘போலீஸ்’, ‘ஸ்டாஃப்’. தமிழில் ‘ஒரு போலீஸ் வந்தார்’ என்றால் ஒரு காவலர். ஆங்கிலத்தில் ‘எ போலீஸ்’ கிடையாது. போலீஸ் ‘ஸ்’ விகுதி இல்லாத பன்மை: ‘தி போலீஸ் ஆர்’. ஆள் ஒருவர் என்றால் ‘எ போலீஸ் ஆஃபீசர்’. ஸ்டாஃப் ஓர் இடத்தில் வேலை செய்யும் மொத்தப் பேர், ஒருவர் என்றால் ‘எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்’. ‘ஸ்டாஃப்ஸ்’ என்ற சொல் உண்டு, பல நிறுவனங்களின் பணியாளர் கூட்டங்களைக் குறிக்க. உங்கள் ஒரு அலுவலகத்தில் இருபது பேர் இருந்தாலும் ஸ்டாஃப்தான்.

‘அலம்னி’யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது பன்மை. ‘ஐ ஆம் ஆன் அலம்னி’ என்று எழுதாமல் அலம்னஸ் என்று எழுதுங்கள், பெண் என்றால் அலம்னா. அது பிடிக்கவில்லை என்றால் ‘ஃபார்மர் ஸ்டூடன்ட்’. ‘கிரைட்டீரியா’ பன்மை, ஒருமை ‘கிரைட்டீரியன்’. ‘டேட்டா’ லத்தீனில் பன்மை. இன்று ‘டேட்டா இஸ்’ பரவலாக ஏற்கப்பட்டுவிட்டது. அதில் ‘இஸ்’ போட்டவரைத் திருத்துவதை நான் நிறுத்திவிட்டேன்.

ஜூன் 15

நியூஸ், மேதமேட்டிக்ஸ், ஃபிசிக்ஸ், எகனாமிக்ஸ்: ‘ஸ்’ஸோடு முடிந்தாலும் ஒருமை வினை. சிசர்ஸ், ட்ரவுசர்ஸ்: ஒன்றே ஆனாலும் பன்மை வினை, எண்ண ‘எ பேர் ஆஃப்’. கத்தரிக்கோல் ஒன்றுதானே என்று கேட்டால், அவர்கள் இரண்டு அலகையும் எண்ணுகிறார்கள்.

டீம், கமிட்டி பற்றிக் கேட்டவருக்கு: அமெரிக்கர் ‘டீம் இஸ்’ என்றே எழுதுவார். பிரிட்டனில் ‘டீம் ஆர்’ சகஜம், விளையாட்டுச் செய்திகளில் அதிகம். எதை எடுத்தாலும் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

ஜூன் 17

ஐந்து வகையை ரொம்பவும் ஒதுக்கிவிட்டேன் என்று வருத்தப்பட்டிருக்கிறார் ஒருவர். ப்ராப்பர் நவுன் என்று தெரிந்தால்தானே ‘தி’ வராது என்று தெரியும் என்கிறார். பெரிய எழுத்தில் தொடங்க அது உதவும், உண்மை. ‘தி’ விஷயத்தில் அது மட்டும் போதாது. காவேரி ப்ராப்பர் நவுன், ‘தி காவேரி’. நதிக்கு ‘தி’ வேண்டும். மலைத்தொடருக்கு வேண்டும், தனிச் சிகரத்துக்கு வேண்டாம்: தி நீல்கிரீஸ், ஆனால் வெறும் தொட்டபெட்டா. நாட்டுப் பெயர் பன்மை வடிவில் இருந்தால் வேண்டும்: தி மால்தீவ்ஸ், தி நெதர்லாண்ட்ஸ். ஸ்ரீ லங்காவுக்கு வேண்டாம். காம்பியாவோ தன் ஆற்றின் பெயரை வாங்கும்போது ‘தி’யையும் சேர்த்து வாங்கிக்கொண்டது.

பெயருக்கு நடுவில் ‘ஆஃப்’ வந்தால் பெரும்பாலும் முன்னால் ‘தி’ வரும். தி பே ஆஃப் பெங்கால், தி கல்ஃப் ஆஃப் மன்னார். பாக் விரிகுடா வெறும் ‘பாக் பே’. பக்கத்திலேயே ஜலசந்தி ‘தி பாக் ஸ்ட்ரெய்ட்’. சென்னைப் பல்கலைக்கழகம் ‘தி யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்’. புழக்கத்தில் ‘மெட்ராஸ் யுனிவர்சிட்டி’ என்று திருப்பிப் போட்டால் ‘தி’ போய்விடும். சான்றிதழைப் பார்த்து விண்ணப்பத்தில் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஜூன் 20

மிச்சம் இருந்த இரண்டு கேள்விகள்.

‘ஃபைவ் இயர் கோர்ஸ்’ஸா, ‘ஃபைவ் இயர்ஸ் கோர்ஸ்’ஸா? கோர்ஸுக்கு அடைமொழியாக முன்னால் நின்றால் ‘ஸ்’ வராது, நடுவில் சிறுகோடு போடுங்கள். டென்-ருபீ நோட், த்ரீ-டே ட்ரிப். மூன்று நாள் பயணம், பத்து ரூபாய் நோட்டு என்று தமிழில் சொல்வதை அப்படியே நம்பலாம், இங்கே நம் பழக்கம் துணைக்கு வருகிறது. லட்சமும் இப்படியே. எண்ணோடு வந்தால் ‘டூ லாக் ருபீஸ்’, எண் இல்லாமல் பல லட்சம் என்றால் ‘லாக்ஸ் ஆஃப் பீப்பிள்’. அப்புறம், தொகையை ஒரே மொத்தமாகச் சொன்னால் வினை ஒருமை: ‘டென் தௌசண்ட் ருபீஸ் இஸ் நாட் எனஃப்’.

‘ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்’ தவறு என்று எல்லாருக்கும் தெரிந்தும் கை அதையே எழுதுகிறது. ‘ஒன்’ என்ற சொல் காதில் விழுந்ததும் ஒருமை வந்துவிடுகிறது. ‘என் நண்பர்களில் ஒருவர்’ என்று முதலில் தமிழில் முழுசாகச் சொல்லுங்கள், ‘கள்’ நிற்கிற இடத்தில் ‘ஸ்’. அதற்குப் பிறகு வரும் வினை ஒருமைதான்: ‘ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ் இஸ்’. ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர்’, ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ்’ என்பதில் குழம்பியவருக்கும் இதே வழி உதவும். பல மாணவர்கள் வந்திருக்கிறார்கள். மாணவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் எது எழுவாய் என்று பார்த்தால் வினை தானாகப் பிடிபடும்.

கேள்வி கேட்டவர் மெயிலைத் திருத்தி அனுப்பியதாக எழுதியிருக்கிறார்: ‘வீ நீட் டுவெல்வ் சேர்ஸ், ஃபோர் டேபிள்ஸ் அண்ட் சம் அதர் எக்விப்மென்ட்’. அந்த ‘அதர்’ மட்டும் வேண்டாம். நாற்காலியும் மேசையும் ஃபர்னிச்சர் கணக்கு, எக்விப்மென்ட் வேறு கணக்கு. ‘அண்ட் சம் எக்விப்மென்ட்’ என்று முடித்துவிடுங்கள்.